புனைபெயரின் சமுதாயப் பொருள்

எழுத்தாளன் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பெயரை நமது விமர்சகர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. நூலின் உள்ளடக்கம் ஆராயப்படுகிறது; உருவம் ஆராயப்படுகிறது; நடை, பாத்திரவார்ப்பு, கதைப்பின்னல் யாவும் ஆராயப்படுகின்றன. அட்டையில் நூற்பெயருக்குக் கீழே நிற்கும் அந்தப் பெயர் மட்டும் தனிமனித விருப்பம் என்று விட்டுவிடப்படுகிறது. பெற்றோர் இட்ட பெயருக்குப் பிள்ளை பொறுப்பாளியல்லன். ஆயின், தானே தெரிந்தெடுத்த பெயரோ ஒருவன் எழுதும் முதலாவது வாக்கியமாகும். அதற்கும் உள்ளடக்கம் உண்டு, சார்பு உண்டு, அது பிறந்த காலத்தின் நெருக்கடிகள் அதன்மீதும் படிந்துள்ளன. இதனை விளங்கிக்கொள்ளத் தவறியமையால் ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த பிழையொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சென்ற ஆண்டு நான் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றை வெளியிட்டனர். பதினான்கு ஆக்கங்களிற் பதினொன்று புனைபெயர்களில் வந்திருந்தன. எழுதியவர்கள் தம்மைத் தாமே அறிமுகஞ் செய்து, இப்பெயரைத் தெரிந்தமைக்கான காரணத்தையும் இரண்டொரு வரிகளிற் கூறவேண்டுமென்று கேட்டேன். 'தீப்பொறி' என்ற மாணவன், தன் கவிதை ஒருநாள் பெருங்காட்டையே எரிக்கும் என்று எழுதினான். 'வெண்முகில்', அச்சொல் அழகாயிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லை என நேர்மையாக ஒப்புக்கொண்டாள். 'பனையடியான்' தன் வீட்டு முற்றத்துப் பனையைக் காரணங் காட்டினான். இன்னொருவன், வகுப்பிலே தன் பெயருடையோர் மூவர் இருப்பதால் வேறு வழியில்லை என்றான். 'கிணற்றடி' என்ற பெயரிற் சிறுகதை எழுதிய மாணவி, "விளக்கம் கதையில் இருக்கிறது" என ஒரு வரி மட்டுமே எழுதினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது வந்து தண்ணீர் அள்ளி ஊற்றும்வரை ஒதுங்கி நின்ற பாட்டி ஒருத்தியின் கதை அது.

புனைபெயர் என்பது அரசவைப் பட்டங்களின் மிச்சசொச்சம், துணிவற்றோரின் ஒளிவிடம் என்பது அக்காலத்தில் என் முடிபாக இருந்தது. முற்போக்காளன் தன் எழுத்துக்குத் தன் பெயராலேயே பொறுப்பேற்க வேண்டும் என்று வகுப்பிலே பேசியும் இருக்கிறேன். எனவே ஒவ்வொரு புனைபெயருக்கும் அருகே அடைப்புக்குறிக்குள் இயற்பெயரை எழுதுவித்துச் சஞ்சிகையை நூலகத்தில் வைத்தேன். மறுநாட் காலையில் அதில் நான்கு தாள்களைக் காணவில்லை. கதையை எழுதியவளே அவற்றை எடுத்துப்போயிருந்தாள். கேட்டபோது அவள் தலை நிமிராமற் சொன்னாள்: "சேர், கதையில வாற கிணறு எங்கட ஒழுங்கையிலதான் இருக்கு. எழுதினது நானெண்டு தெரிஞ்சா, நாளைக்கும் அதால நடந்து போறது என்ர அம்மாதான்."

எனது முடிபு நியாயமானதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நமது இலக்கிய வரலாற்றை இந்தக் கேள்வியோடு மீண்டும் நோக்குவது பயனுடையது.

முதலிற் சாதாரண காரணங்களைச் சொல்லிவிடலாம். சிவஞானசுந்தரம் என்ற பெயருடைய மூவர் ஈழத்து எழுத்துலகில் இருந்தனர். த. சிவஞானசுந்தரம் (1915-1961) 'இலங்கையர்கோன்' ஆனார்; மருத்துவரான செ. சிவஞானசுந்தரம் 'நந்தி' ஆனார், கேலிச்சித்திரக்காரரான சி. சிவஞானசுந்தரம் 'சிரித்திரன்' சஞ்சிகையின் 'சுந்தர்' ஆனார். ஒரே பெயர் தாங்கிய மூவரை வாசகர் வேறுபடுத்தியறிய இப்பெயர்கள் உதவின. எனது மாணவன் கூறிய காரணமும் இதுவே. இதிற் குற்றங் காண ஒன்றுமில்லை. ஆயினும் வேறுபடுத்தும் தேவை ஒன்றாயிருக்க, மூவரும் தெரிந்த பெயர்கள் மூன்று திசைகளை நோக்குகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். மணிக்கொடிக் காலத்திலே தமிழகத்து ஏடுகளில் எழுதப் புகுந்த இளைஞர் ஒருவர் 'இலங்கையர்' என்ற சொல்லைத் தம் பெயரின் தலையில் வைத்தமை, இந்நாட்டுக்கும் ஓர் எழுத்துக் குரல் உண்டு என்ற அறிவிப்பாகும். தேசிய இலக்கியம் என்ற கோட்பாடு கட்டுரைகளில் வகுக்கப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அது ஒரு பெயரில் முளைவிட்டிருந்தது. அதே பெயரின் பின்பாதியில் ஒரு 'கோன்' முடிசூடி நிற்கிறான் என்பதும் உண்மையே. புதிய உள்ளடக்கமும் பழைய உருவமும் ஒரே பெயருக்குள் முட்டி நிற்கும் காட்சி இது.

இம்முரண்பாட்டின் சிறந்த உதாரணம் 'மஹாகவி' ஆவார். அளவெட்டியைச் சேர்ந்த து. உருத்திரமூர்த்தி (1927-1971) இளமையிலேயே இப்பெயரைச் சூடிக்கொண்டார். தன்னைத் தானே மகாகவி என்றழைத்துக்கொள்வது தற்பெருமை என்று சொல்வது எளிது. ஆனால் அப்பெயருக்குரியவர் யாரைப் பாடினார் என்று பார்க்கவேண்டும். அவர் எழுதிய காவியம் ஒன்றின் தலைப்பே 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்பதாகும். காவியத் தலைமைக்குரிய பண்புகளென அணியிலக்கண நூல்கள் வகுத்த எதுவும் இல்லாத ஒருவனைத் தலைவனாக்கியவர் தம்மை மகாகவி என்று அழைத்துக்கொண்டார். அவ்வாறு நோக்குமிடத்து, பெயரிலுள்ள பெருமிதம் பாட்டுடைத் தலைவனுக்கும் பங்கிடப்படுகிறது எனலாம். பட்டம் சூடும் வழக்கத்தையே நகையாடியவரும் ஈழத்தில் உண்டு. சில்லையூர் செல்வராசன் (1933-1995) தமக்கிட்ட இன்னொரு பெயர் 'தான்தோன்றிக் கவிராயர்'. அரசனும் ஆதீனமும் வழங்காத பட்டத்தைத் தானே வழங்கிக்கொண்டு, அதனைக் கேலியும் செய்யும் துணிவு அப்பெயரில் உண்டு.

ஒருவரைப் போற்றும் பெயர்களை இரண்டாவதாகக் குறிப்பிடலாம். சுப்பிரமணிய பாரதி ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின்மீது கொண்ட ஈடுபாட்டால் 'ஷெல்லிதாசன்' என்று எழுதினார். புதுவைப் பாடசாலை ஆசிரியரான கனக சுப்புரத்தினம் (1891-1964) 'பாரதிதாசன்' ஆனார். ஈழத்திலே டொமினிக் என்ற இளைஞர், பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட பற்றால் 'டொமினிக் ஜீவா' (1927-2021) ஆனார். அந்த ஜீவானந்தமோ சொரிமுத்து என்ற பெயரோடு பிறந்து, தனித்தமிழ்ப் பற்று மேலோங்கிய காலத்தில் 'உயிரின்பன்' எனவும் தம்மை அழைத்துக்கொண்டவர். தாசன் என்ற சொல்லின் அடிமைப் பொருளை நாம் விரும்பாதிருக்கலாம். எனினும் தன் முன்னோடி யார் என்று வெளிப்படையாகச் சொல்லும் பெயரில் மறைவு ஏதுமில்லை. ஷெல்லியைப் பாரதியும், பாரதியைச் சுப்புரத்தினமும் தெரிந்தது குலமுறை பற்றியன்று, கொள்கை பற்றியே. பிறப்பால் வந்த உறவைப் பின்தள்ளித் தான் ஏற்ற உறவை முன்வைக்கும் பெயர்கள் இவை.

மூன்றாவது வகை ஈழத்துக்கே சிறப்பாக உரியது எனலாம். அது ஊர்ப்பெயர். நீர்வேலி 'நீர்வை'யாகிப் பொன்னையனுக்கு (1930-2020) முன்னே நின்றது. சில்லாலை 'சில்லையூர்' ஆயிற்று. பெரியநீலாவணையைச் சேர்ந்த ஆசிரியர் சின்னத்துரை (1931-1975) 'நீலாவணன்' ஆனார். ஊர்ப்பெயரை மருவிய வடிவில் ஆளும் மரபு பழந்தமிழ்ச் செய்யுள்களிலேயே உண்டு. ஆனால் தலபுராணங்களில் ஊரின் புகழ் கோயிலுக்கும் நிலவுடைமையாளருக்கும் உரியதாயிருந்தது. இக்காலத்தவர் அதே ஊர்ப்பெயரை உழவனின் கதைக்கும் கூலிக்காரனின் கதைக்கும் முகவரியாக்கினர். பேச்சுவழக்கில் எழுதப்பட்ட கதைகளை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்த 1960களில், தன் ஊரைத் தன் பெயராக்கியவன் அந்தப் பழிக்கு விடையையும் கூறினான். நான் இவ்வூரவன், என் மக்கள் பேசுமாறே எழுதுவேன் என்பது அதன் பொருள்.

இவ்வகையில் மிகக் கனமான பெயர் மலையகத்திலிருந்து வந்தது. பதுளை மாவட்டத்துத் தெளிவத்தைத் தோட்டத்திற் பணிபுரிந்த ஜோசப் (1934-2022), அத்தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் 'தெளிவத்தை ஜோசப்' ஆனார். நீர்வேலியானுக்கு நீர்வேலியில் ஒரு துண்டு நிலமாவது இருக்கக்கூடும். தோட்டத்துத் தொழிலாளிக்குத் தான் குடியிருந்த லயத்தின் ஒரு காம்பராகூடச் சொந்தமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பொருள்களைப் பங்கிடுவதுபோற் பங்கிட்டது. எந்த மண்ணில் உனக்கு இடமில்லை என்று அரசு கூறியதோ, அந்த மண்ணின் பெயரையே ஓர் எழுத்தாளர் தம் பெயரின் முற்பகுதியாக்கினார். அவர் எதை எண்ணி அவ்வாறு செய்திருப்பினும், வரலாறு அப்பெயருக்கு ஏற்றிய பொருள் இதுவே. ஒப்பந்தங்கள் பழங்கதையாயின. அந்தத் தோட்டத்தின் பெயர் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இதுவரை கூறிய பெயர்கள் யாவும் ஏதோ ஒன்றை அறிவிப்பவை. மறைப்பதற்கென்றே சூடிய பெயர்களை எவ்வாறு மதிப்பிடுவது? எனது பழைய முடிபு பிழைத்த இடம் இதுவே.

உருதுவிலும் இந்தியிலும் எழுதிய தன்பத் ராய் கல்வித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர், நம்மைப்போன்ற ஒருவர். 'நவாப் ராய்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட 'சோஸே வதன்' என்ற கதைத்தொகுதி அரசுக்கு எதிரானதெனப் பிரித்தானிய அதிகாரிகளாற் பறிமுதல் செய்யப்பட்டது. அதன்பின் எழுதவேண்டுமாயின் புதிய பெயர் ஒன்று வேண்டியிருந்தது. அவ்வாறு பிறந்த பெயரே 'பிரேம்சந்த்'. சீனத்துச் சோ ஷூரென் 1918ஆம் ஆண்டிலே 'லூசுன்' என்ற பெயரை முதன்முதலாகக் கையாண்டார். பின்னர், கோமிந்தாங் ஆட்சியின் தணிக்கையைத் தாண்டித் தம் கட்டுரைகள் அச்சேறும்பொருட்டு நூற்றுக்கு மேற்பட்ட புனைபெயர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். இவர்களைக் கோழைகள் என்று எவர் கூறுவார்? இவர்கள் மறைந்தது அதிகாரத்திடமிருந்து. வாசகனுக்கு இவர்கள் எதனையும் மறைக்கவில்லை. மறைந்ததனாலேதான் வாசகனிடம் சென்றடைந்தனர்.

நமது நாட்டிலும் இத்தகைய தேவை இருந்தே வந்திருக்கிறது. 'கவீந்திரன்' என்ற பெயரிலும் எழுதிய அ. ந. கந்தசாமி (1924-1968), 1944ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையைக் கவிதையாக்கினார். மட்டக்களப்பிலே தங்கவடிவேல் என்ற ஆசிரியர் 'சுபத்திரன்' (1935-1979) என்ற பெயரில், வடக்கின் தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்துக்குக் குரல்கொடுத்தார். போர்க்காலத்திலே, பெயர் ஒன்றே ஒருவனின் உயிருக்கு உலைவைக்கப் போதுமானதாயிற்று. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்கவிஞர் தொகுதியிற் சிலர் புனைபெயர்களிலே எழுதினர். பெண் எழுத்தாளரைப் பொறுத்தவரை அரசும் ஆயுதமும் மட்டும் அச்சத்துக்குக் காரணமல்ல. வீடும் உறவும் ஊர்வாயும் அவற்றுக்குக் குறையாத தணிக்கை அதிகாரிகள். எனினும், ஆசிரியையான வள்ளிநாயகி இராமலிங்கம் (1933-2016) தெரிந்த 'குறமகள்' என்ற பெயரைப் பாருங்கள். முருகன் கதையில் வள்ளி குறவர் குலத்து மகளல்லவா? தன் பெயரையே அவர் வேறு சொல்லாற் சொல்லியிருக்கிறார். ஆனால் 'நாயகி' என்ற தெய்வ மகிமையை விலக்கித் தினைப்புனத்து உழைப்பாளிப் பெண்ணை எடுத்துக்கொண்டார். புனைபெயர் இயற்பெயரைக் காட்டிலும் உண்மையானதாயிருக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறைவைத் தீய வழியிற் பயன்படுத்தியோரையும் கூறாதுவிடின் உண்மை முழுமையடையாது. கனக செந்திநாதன் 'கரவைக்கவி கந்தப்பனார்' என்ற பெயரில் 'ஈழகேசரி'யில் ஈழத்து எழுத்தாளர்களை அறிமுகஞ் செய்தார். அது பயன்மிக்க தொண்டு. ஆனால் விமர்சனம் என்ற பெயரில் முகமூடியணிந்து வளரும் எழுத்தாளனைக் குத்துவோரும், தன் நூலுக்குத் தானே வேறு பெயரில் மதிப்புரை எழுதுவோரும், செல்வாக்குள்ள பதவியில் இருந்துகொண்டு பெயரில்லாது வசைபாடுவோரும் நம்மிடையே என்றும் இருந்திருக்கின்றனர். இவர்களுக்கு அஞ்சவேண்டிய அதிகாரம் எதுவும் இல்லை. பொறுப்பிலிருந்து தப்புவதே இவர்களின் நோக்கம். கருவி ஒன்றே, ஆனால் கையாள்பவனின் சமுதாய நிலை அதன் பொருளை நேர்மாறாக்கிவிடுகிறது.

எனவே புனைபெயர் நல்லதா தீயதா என்ற வினாவே பிழையானது. இப்பெயர் யாரிடமிருந்து மறைகிறது? மறைவினால் ஆபத்து யாருக்குக் குறைகிறது? பெயர் வெளிப்பட்டால் விலை கொடுப்பவர் யார்? இம்மூன்று வினாக்களையும் கேட்டபின்னரே தீர்ப்புச் சொல்லவேண்டும். பலவீனன் பலசாலியிடமிருந்து மறைவது தற்காப்பு. பலசாலி பலவீனனிடமிருந்து மறைவது பதுங்கித் தாக்குதல்.

இன்னும் ஒரு பக்கம் உண்டு. அதனை மறந்தே நான் சொந்தப் பெயரின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். சொந்தப் பெயர் என்பது எல்லோருக்கும் ஒரே வகையில் வாய்த்த உடைமையன்று. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு உடையிலும் அணியிலும் விதித்த தடைகளைப் பெயரிலும் விதித்தது. பெற்றோர் கந்தசாமி என்று பெயரிட்டாலும் ஊர் 'கந்தன்' என்றே கூப்பிட்டது. 'பிள்ளை' என்ற விகுதி சிலர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அழைப்பவனை 'நயினார்' என்று விளிக்கவேண்டியவன், தன் முழுப்பெயராலே அழைக்கப்படும் உரிமையற்றிருந்தான். அத்தகைய சமுதாயத்தில் கே. டானியல் (1926-1986), டொமினிக் ஜீவா, ந. கே. ரகுநாதன் ஆகியோர் தம் பெயர்களை நூலட்டையிற் பொறித்தமையே ஒரு போராட்டச் செயலாகும். 1960இல் வெளிவந்த 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தபோது, சிகையலங்கரிப்புத் தொழிலாளியின் பெயர் மேடையில் முழுமையாக ஒலித்தது. 1972இற் 'பஞ்சமர்' நாவல் வெளிவந்தபோது, சாதி சூட்டிய இழிபெயர் நூற்பெயராகவும், எழுதியவனின் சொந்தப் பெயர் ஆசிரியர் பெயராகவும் ஒரே அட்டையில் நின்றன.

ஆக, ஒருவருக்குப் பெயரை வெளியிடுவது போராட்டம். இன்னொருவருக்குப் பெயரைக் காத்துக்கொண்டு உண்மையை வெளியிடுவது போராட்டம். எது எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எழுதுபவனுக்கே உண்டு. ஆபத்தைச் சுமப்பவன் அவன். பாதுகாப்பான நாற்காலியில் இருந்துகொண்டு அடைப்புக்குறி போடும் ஆசிரியனுக்கோ பத்திராதிபருக்கோ அந்த உரிமை இல்லை. கொள்கையின் பெயரால் நான் செய்தது, ஒழுங்கைக்குப் பொறுப்பானவர்களின் வேலையை அவர்களுக்காகச் செய்துகொடுத்ததேயாகும். 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. கிணறுகள் பொதுவானவை என்று நூல்களில் எழுதுகிறோம். ஆனால் கிணற்றைப் பற்றிக் கதை எழுதியவளுக்கு இன்றும் தாயின் நடைபாதையைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கிறது என்றால், அந்தப் புனைபெயர் நமது சமுதாயம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு எந்த அறிக்கையையும்விட நம்பகமான அளவுகோல்.

சஞ்சிகையின் அடைப்புக்குறிப் பக்கங்களை நீக்கிப் புதிதாக எழுதுவித்தோம். வகுப்பின் முன்னே என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். பெயரைப் பற்றிய முடிவு அவரவருக்கே விடப்பட்டது. 'தீப்பொறி' தன் சொந்தப் பெயரில் எழுத முன்வந்தான். தனக்கு அஞ்ச ஒன்றுமில்லை என்றான். அவன் கூறியது உண்மையே. அவனுடைய ஒழுங்கை வேறு. 'பனையடியான்' பனையை விடவில்லை. அந்த மாணவி இரண்டு வாரங்களின் பின் நான்கு தாள்களையும் கொண்டுவந்து மேசைமீது வைத்தாள். கதையிற் சில இடங்கள் முன்னிலும் கூர்மையாக்கப்பட்டிருந்தன. தலைப்பின் கீழே 'கிணற்றடி' என்றே இருந்தது. அவளுடைய தாய் அந்த ஒழுங்கையில் எவர் பார்வைக்கும் அஞ்சாது நடந்து போகும் நாளில், அப்பெயரை வைத்திருப்பதா விடுவதா என்பதையும் அவளே தீர்மானிப்பாள்.